மேனேஜரின் குறுக்கெழுத்து

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி. அதன் மேனேஜர் சிவசைலம் ஆங்கிலப் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைத் தினமும் பேனாவாலேயே நிரப்பி, ஆபீஸ் முழுக்கக் காட்டுவார். "உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் எங்கே தெரியுது?" என்று ஒரு கேள்வியும் கேட்பார்.

ஒருநாள் டெலிபோன் ஆபரேட்டர் பவுலின், தங்கையின் கல்யாணத்துக்கு ஒருநாள் லீவு கேட்டு அவர் முன்னால் போய் நின்றாள். குமாஸ்தாக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேப்பரைத் தட்டினார்.

"இதுக்கு விடை சொன்னாத்தான் லீவு. ரகசியம் உடைஞ்சுபோச்சுன்னா, ஒரு பிராணி பையை விட்டு வெளியே வந்துடுச்சும்பான் இங்கிலீஷ்காரன். அது என்ன பிராணி? மூணு எழுத்து."

"யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லலாமா சார்?"

"கவர்னர்கிட்ட வேணாலும் கேளு!"

பவுலின் அவர் மேஜை போனின் ஸ்பீக்கரை அழுத்தினாள். தினமும் காலையில் அவருக்காக அவளே போட்டுக் கொடுக்கும் நம்பரைப் போட்டாள். எடுத்தது மேனேஜரின் மனைவி.

"என்னங்க, மறுபடியுமா? இப்பத்தானே எல்லாக் கட்டத்துக்கும் விடை சொன்னேன்! ஒண்ணுகூடவா உங்களுக்குத் தெரியலை?"

பவுலின் பணிவாகச் சொன்னாள்:

"பூனை சார். சி, ஏ, டி. இப்பத்தான் வெளியே வந்துச்சு."

"அட, சரியாச் சொல்லிட்டாளே! யாருங்க அந்தப் பொண்ணு?" என்றது போன்.

மேனேஜர் தலை நிமிரவே இல்லை. ஒருநாள் கேட்டவளுக்கு ஒரு வாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.