ஸ்ரீபாதம்தாங்கியின் இடுப்பு

ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும் வித்தையைக் கற்க டாக்டர் சிதம்பரநாதன் வந்து சேர்ந்தபோது அவர் தலை முழுக்க நரை. கற்றுக்கொடுத்த டாக்டர் எஸ்தருக்கு அவருடைய மகள் வயது. அவர் "மேடம்" என்பார், இவர் "சார்" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அன்று கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் வீரராகவன். பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கி. இடது இடுப்பின் பக்கவாட்டில், எலும்போடு தசையைப் பிணைக்கும் நாண் நைந்துபோயிருந்தது. ஒரு வருஷமாக வலி. அடுத்த வாரம் கருட சேவை.

"கத்தி வைக்காம மூணு வழி இருக்கு" என்றார் சிதம்பரநாதன். "ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாள்லயே வலி அடங்கும். ஆனா நைஞ்ச நாண் அப்படியேதான் இருக்கும், இன்னும் பலவீனமாகவும் செய்யலாம். ரெண்டாவது, உங்க ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு, அதுல ஒரு பகுதியை அங்க செலுத்தறது. மூணாவது, ஊசி முனையால நாணைக் குத்திக் கிளறி, உடம்பே அதைப் புதுசா ஆத்திக்க விடறது. இந்த ரெண்டுலயும் மொதல்ல வலி கூடும். பல வாரம் பாரம் தூக்கக் கூடாது."

"மொதல் ஊசியைப் போடுங்கோ."

"கொஞ்சம் யோசிச்சுட்டு..."

"யோசிச்சாச்சு. கருட சேவைக்கு அடியேன் வாகனத் தண்டுக்குக் கீழ நிக்கணும். ஒரு தடவை விட்டா அந்த இடத்துல வேற ஒருத்தர் வந்துடுவார். எங்கப்பா நின்ன இடம், டாக்டர்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. சிதம்பரநாதனுக்கு மனசு கரைந்துவிட்டது. ஐயோ பாவம் என்றால் ஆறு மாதப் பாவம் பிடிக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வருகிறது? மருந்தை ஊசியில் ஏற்றினார்.

எஸ்தர் உள்ளே வந்தார். தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தார்.

"மேடம், இந்த மூணுல எது நல்லது?" என்று சிதம்பரநாதன் முந்திக்கொண்டு கேட்டார்.

"ஐயா, எழுந்து இடது கால்ல மட்டும் நில்லுங்க" என்றார் எஸ்தர். "சார், நீங்க அவர் முன்னாடி வந்து நில்லுங்க. ஐயா, சார் தோள்மேல கை வச்சுக்குங்க."

வீரராகவன் ஒற்றைக் காலில் நின்றார். சிதம்பரநாதனுக்கு முதலில் கை பட்டதே தெரியவில்லை. பிறகு வீரராகவன் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. விரல்கள் தோளில் பதிந்தன. சிதம்பரநாதன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார்?"

"கனம் ஏறிட்டே வருது மேடம்."

"சமாளிக்கிறீங்களே?"

"அவருக்கு வலிக்க வலிக்கக் கொஞ்சம் கொஞ்சமாத்தானே சாயறார். அதான் பிடிச்சுக்க முடிஞ்சுது."

"வலிக்கலைன்னா?"

சிதம்பரநாதனின் கண் தட்டில் இருந்த ஊசிமேல் போனது.

வீரராகவன் காலைத் தரையில் ஊன்றினார். முகம் சிவந்திருந்தது.

"என்னைப் பயமுறுத்தறேளா? இடுப்பு என்னோடது. அறுந்தா எனக்குத்தானே அறும்? விழுந்தா நான் விழுந்துட்டுப் போறேன். நீங்க ஊசியைப் போடுங்கோ."

எஸ்தர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். அவர் உட்காரவில்லை.

"தண்டுல உங்களுக்குப் பின்னாடி யார் நிப்பாங்க ஐயா?"

"ஆராவமுதன். என் தங்கை ஆத்துக்காரர். உயரம் ஒத்தவாளைத்தான் முன்னும் பின்னுமா நிறுத்துவா."

"வலி தெரியாம நின்னு நீங்க திடீர்னு மடங்கினா?"

"மடங்க மாட்டேன்."

"மடங்கினா?"

வீரராகவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தனை கனமும் அவர் கழுத்துல இறங்கும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்திருந்த கை விலகவில்லை.

சிதம்பரநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டில் மருந்து தயாராக இருந்தது. எதிரில் வலியோடு ஒரு மனிதர் இருந்தார்.

"மேடம், எல்லாம் சொல்லித்தான் இவர்கிட்ட சம்மதம் வாங்கினேன். மூணுல எதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."

எஸ்தர் தன் போனை எடுத்து வீரராகவனிடம் நீட்டினார்.

"ஆராவமுதனைக் கூப்பிடுங்க ஐயா. எந்த ஊசின்னு அவரையே கேட்டுட்டுப் போட்டுடலாம்."