பெயர் சொல்லும் பெட்டி

ஈரோட்டில் ஒரு டயர்க் கடையின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் கூடுவார்கள். ஒருவருக்கு முதல் வாடிக்கையாளரை இன்னொருவர் பிடித்துக் கொடுப்பார். ஒருவருடைய வரிக் கணக்கை இன்னொருவர் முடித்துக் கொடுப்பார். கட்டணம் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தை நடத்தியவர் அம்சவேணி. சொந்தமாக ஒரு கம்பெனி நடத்தி, அதைத் தன் கையாலேயே மூடியவர். எல்லாரும் அவரை அக்கா என்பார்கள்.

குலசேகரனால் மட்டும் அப்படிக் கூப்பிட முடியவில்லை. அவர் அம்சவேணியைவிட வெகுவாக மூத்தவர். வங்கி மேலாளராக இருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். அதனால் அம்மணி என்பார். அம்சவேணி அவரை சார் என்பார். யார் யாரிடம் கற்க வந்திருக்கிறார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, எல்லாரும் உட்கார்ந்த பிறகு குலசேகரன் கேட்டார்.

"அம்மணி, மனசு விட்டுப் போன ஒருத்தரை எப்படித் திரும்பக் கூட்டிட்டு வர்றது?"

"யாருங்க சார் போனது?"

"தனபாக்கியம்னு ஒரு அம்மா. மகளிர் குழுவுல இருக்காங்க. நம்ம பெட்டி வச்ச குழு."

பெட்டியை அங்கே எல்லாருக்கும் தெரியும். பணம் வந்து சேர்ந்ததும் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று கடைகளில் இருக்கிறதல்லவா, அதைப் போன்றது. குழு கூடும்போது நடுவில் வைப்பார்கள். யார் யார் வாரச் சந்தா கட்டினார்கள் என்று அது பெயர் சொல்லும்.

நல்ல எண்ணத்தில்தான் குலசேகரன் அதைச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைக் காகிதத்தை நீட்டி ஏமாற்றலாம். காதால் கேட்டுவிட்டால் ஏமாற்ற முடியாது. எதில் வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்த கைநாட்டுகளை அவர் வங்கியில் நிறையப் பார்த்திருந்தார். அப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு பெட்டியைப் பேச வைத்தார்.

கட்டியவர் பெயரைச் சொல்லி, "செலுத்திவிட்டார், நன்றி" என்றது பெட்டி. கட்டாதவர் பெயரைச் சொல்லி, "செலுத்தவில்லை, நன்றி" என்றது. நன்றியை அவர் இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்தார்.

சில மாதங்களுக்கு முன் இதே மாடியில் அதைப் பேச வைத்துக் காட்டியபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்சவேணியும் தட்டினார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் அம்சவேணி.

"ஒரு கூட்டத்துல அவங்க பேரைச் சொல்லிருச்சு. எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு கூட்டத்துக்கு வரலை. வர்ற திங்கட்கிழமையும் வரலைன்னா பேரை அடிச்சிருவாங்க. குழு விதி அப்படி. பேரை அடிச்சா கடன் கிடையாது. டிபன் வண்டி போடக் கடன் கேட்டிருந்தாங்க, பாவம்."

தனபாக்கியமும் புதிதாகத் தொழில் தொடங்க நினைத்தவர்தான். அவரை யாரும் இந்த மாடிக்குக் கூப்பிட்டதில்லை.

"விடுங்க சார்" என்றான் பர்வேஸ். ஹோட்டல்களுக்குக் காய்கறி அனுப்பும் கம்பெனி வைத்திருந்தவன். "இத்தனை குழுவுல ஒரு ஆள் போறதெல்லாம் ஒரு விஷயமா?"

"கட்டினவங்க பேரை மட்டும் சொல்ற மாதிரி மாத்திடுங்க சார்" என்றாள் தாரணி. அவள் ஆடை ஏற்றுமதிக்கு மென்பொருள் எழுதுபவள்.

"பத்துப் பேர்ல ஒம்பது பேரைச் சொன்னா, மிச்சம் யாருன்னு தெரியாதா?" என்றார் அம்சவேணி.



"அதை எடுக்கவும் முடியாதும்மா" என்றார் குலசேகரன். "முதலீடு போடறேன்னு சொன்னவரு, கட்டாதவங்க பேரைச் சொல்லுதுன்னதும்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு."

அம்சவேணி அவர் பக்கத்தில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பெட்டி கைல இருக்குதுங்களா?"

எப்போதும் இருக்கும். குலசேகரன் பையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார்.

"நாம அடிக்கறதைச் சொல்லுமா?"

"சொல்லுமுங்க. என் போன்ல அடிச்சாப் போதும்."

"ஆளுக்கு ஒண்ணு அடிங்க" என்றார் அம்சவேணி எல்லாரையும் பார்த்து. "இந்த மாசம் உங்களால முடியாமப் போனது என்னவோ, அது. உங்க பேரோட. கட்டாயம் ஒண்ணும் இல்லை."

சிரிப்பு எழுந்தது. அந்த மாடியில் தோல்வி பெருமையான சொல். மேடை கிடைத்தால் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். பர்வேஸ் அதைப் பனியனிலேயே அச்சடித்துப் போட்டிருந்தான்.

"அக்கா, எனக்கு ஒண்ணு பத்தாது" என்று சொல்லிக்கொண்டே அவன் போனை முதலில் வாங்கினான்.

பெருவிரல் திரைக்கு மேல் நின்றது. எதிரே இருந்த முகங்களைப் பார்த்தான்.

"போன வருஷத்துது போடலாமா அக்கா? அதுல பெருசா ஒண்ணு இருக்கு. நல்லா இருக்கும்."

"அது கதை ஆயிருச்சு பர்வேஸ். இந்த மாசத்துது."

அவன் போனைத் தாரணியிடம் கொடுத்தான். தாரணி வாங்கின வேகத்திலேயே அடுத்தவரிடம் நீட்டினாள். அடுத்தவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. போன் ஒரு சுற்று சுற்றிக் குலசேகரனிடமே வந்தது.

அவர் ஒற்றை விரலால் நிதானமாக அடித்தார். ஒரு முறை அழித்தார். மறுபடியும் அடித்தார்.

பெட்டி சொன்னது:

"குலசேகரன். தனபாக்கியம் எழுந்து போனபோது, பெட்டியின் தமிழ் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நன்றி."

குரல் தெளிவாக இருந்தது. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் சிரமப்பட்டார்கள்.

"வாசப்படியில நின்னு அந்த அம்மா திரும்பிப் பார்த்தாங்க" என்றார் குலசேகரன். "நான் சிரிச்சிட்டு இருந்தேன். அவங்களைப் பார்த்துச் சிரிக்கலை அம்மணி. பெட்டியைப் பார்த்துத்தான் சிரிச்சேன். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா மட்டும்?"

குலசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார்.

"திங்கட்கிழமை போறேன். அத்தனை பேர் முன்னாடியும் அவங்க கால்ல விழுந்துடறேன்."

"கூட்டத்துக்குத்தான் அவங்க வர்றதில்லையே?"

"கெஞ்சிக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க விழறதுக்குக் கால் வேணும்னு அந்த அம்மா அங்க வந்து நிக்கோணுமா?"

"தப்பு அங்கதானே அம்மணி நடந்துச்சு? மன்னிப்பும் அங்கதானே கேக்கோணும்?"

"மறுபடியும் எல்லாரும் அவங்க மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க சார். மன்னிச்சாங்களா இல்லையான்னு."

குலசேகரனின் காது மடல்கள் சிவந்தன. முப்பது ஆண்டுகள் மற்றவர்களை நிற்க வைத்துப் பேசிய மனிதர், இப்போது எங்கே உட்காருவது என்று தெரியாமல் எழுந்து நின்றார்.

"பின்ன நான் என்னதான் பண்றது?"

"பெட்டி வர்றதுக்கு முன்னாடி அந்தக் குழுவை எப்படி நடத்தினாங்க?"

"தெரியாதுங்க."

"கேட்டதே இல்லையா?"

"இல்லை."

"கேட்டுட்டு வாங்க. தலைவிகிட்டக் கேளுங்க. அந்த அம்மாவைத் தேடிப் போகாதீங்க."

அடுத்த சனிக்கிழமை குலசேகரன் தாமதமாக வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்தார். கையில் பை இல்லை.

"கேட்டீங்களா சார்?" என்றார் அம்சவேணி.

"ஞாயித்துக்கிழமையே போனேன். தலைவி ருக்குமணி அம்மா சொன்னாங்க. முன்னாடி எல்லாம் ஒரு மண் சட்டிங்களாம். வாய் சின்னது. ஒரு கை போகும், அவ்வளவுதான். அது சுத்தி வரும். வைக்கறவங்களும் கையை விடுவாங்க, வைக்க முடியாதவங்களும் கையை விட்டு எடுப்பாங்க. கடைசில குறைஞ்சுதுன்னா சட்டி இன்னொரு சுத்து வரும். நிறையற வரைக்கும் வரும்."

"வைக்காதவங்க யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். எல்லாரு கையுந்தான் உள்ள போச்சுன்னாங்க."

தாரணி மெல்லச் சிரித்தாள். குலசேகரன் சிரிக்கவில்லை.

"இதை ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லலைன்னேன். நீங்க பேங்க் ஆபீசருங்க, வெள்ளையா பளபளன்னு ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்தீங்க, அது முன்னாடி எங்க மண் சட்டியைச் சொல்ல வெட்கமா இருந்துச்சுங்கன்னாங்க."

யாரோ தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்கள். அவர் தொடவில்லை.

"பெட்டியை எடுத்துட்டு வந்துட்டேன். எல்லாக் குழுவுல இருந்தும் எடுக்கறேன்னு முதலீட்டாளருக்குப் போன் பண்ணேன். நான் முடிக்கறதுக்குள்ள வச்சுட்டாரு."

"திங்கட்கிழமைக் கூட்டம்?" என்றான் பர்வேஸ். அன்று அவன் வேறு சட்டை போட்டிருந்தான்.

"நடந்துச்சு. சட்டியை வச்சுத்தான். நான் உள்ள போகலை. தெருமுனையில நின்னேன். அங்க இருந்து பார்த்தா வாசல் தெரியாது. முடிஞ்சதும் தலைவிக்குப் போன் பண்ணேன். சட்டி நிறைஞ்சிருச்சு, பத்துப் பேரு பேரும் இருக்கு, யார் பேரையும் அடிக்கலைன்னாங்க. கடனுக்கும் பத்துப் பேரையும் எழுதிக் கொடுத்தாச்சாம்."

பர்வேஸின் இரண்டு கைகளும் தட்டுவதற்கு உயர்ந்தன. தாரணி பார்த்த பார்வையில் அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"நல்லதுதானுங்களே" என்றார் அம்சவேணி. "அப்புறம் ஏன் சார் முகம் இப்படி இருக்குது?"

"அந்த அம்மா நேர்ல வந்தாங்களா, இல்ல அவங்களுக்காக வேற யாராச்சும் ரெண்டு தடவை கையை விட்டாங்களா? எத்தனையோ விதமாக் கேட்டுப் பார்த்துட்டேன். தலைவி சொல்ல மாட்டேங்கறாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுப் போனை வச்சுடறாங்க."

"சரி."

"எனக்குத் தூக்கம் இல்லை அம்மணி. கண்ணை மூடினா வாசப்படியில நின்னு திரும்பிப் பார்க்கறாங்க. வேற ஒண்ணும் வேண்டாம். வந்தாங்களா, வரலையா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அம்சவேணி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அதுக்குத்தானே சார் அந்தப் பெட்டியைச் செஞ்சீங்க."