மாசிலாமணியின் காபித்தூள் டப்பா

கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்து ஐம்பது நாளாகியிருந்தது. மடத்தின் கடைசி அறையைத் தாளிட்டுக்கொண்டு கிடந்தார் மாசிலாமணி. வயது எழுபத்தாறு. குரு சிவப்பிரகாசருக்கோ ஐம்பதுகூட நிரம்பவில்லை. மகன் வயசுக்காரர் காலில் விழுந்து சீடனாகச் சேர்ந்த துணிச்சல்காரர்தான். இப்போது கதவு லேசாக ஆடினாலும் நடுங்கினார்.

பக்கத்து அறை உலகநாதனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. முதலில் வாசனை போகும், அப்புறம் மூச்சு போகும் என்று யாரோ போனில் சொல்லிவைத்தார்கள். அன்றிலிருந்து மாசிலாமணிக்குக் காபித்தூள் டப்பாதான் தெய்வம். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து முகர்வார். உருத்திராட்ச மாலை ஆணியில் தொங்கியது. வாசலில் வைத்த சோறு பல நாள் வைத்தபடியே இருந்தது.

ஒரு காலையில் வாசனை வரவில்லை.

வெளியூரில் இருக்கும் மகளிடம் சொல்லப் பயம். குருவுக்குத்தான் போன் செய்தார்.

"எனக்கு வந்துடுச்சு சாமி. இந்தப் பக்கம் யாரும் வர வேண்டாம்."

குரு வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, டப்பாவைக் கம்பி வழியாகக் கொடுக்கச் சொன்னார். மாசிலாமணி மறுத்தார், கெஞ்சினார், கடைசியில் ஜன்னலில் வைத்துவிட்டு மூலைக்கு ஓடினார். குரு முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தார்.

"எனக்கும் வரல ஐயா."

மாசிலாமணி மூலையில் இன்னும் ஒண்டிக்கொண்டார். தன்னால் குருவையும் தொற்றிக்கொண்டதோ?

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தெறக்கிறீங்க?"

மாசிலாமணி விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்.

"அத்தனை தடவை தெறந்தா எந்தத் தூள்ல வாசனை நிக்கும்?"

குரு ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி ஜன்னலில் வைத்தார். தயங்கித் தயங்கி வந்து முகர்ந்த மாசிலாமணி, பழத்தை முகத்தோடு வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எத்தனையோ வருஷமாக அப்படி அழுததில்லை.

அழுகை ஓய்ந்ததும் வெட்கம் வந்தது.

"உங்களை மாதிரி பயமில்லாம இருக்க எனக்கு எப்ப வரும் சாமி?"

எலுமிச்சம்பழத்தைக் கீறிய நகத்தைக் குரு திரும்பத் திரும்ப முகர்ந்துகொள்வதை அப்போதுதான் கவனித்தார்.

"அங்க தனியா உக்காந்து பயப்பட முடியல ஐயா. அதான் இங்க வந்தேன். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமா?"