முழங்கால் வலி

"எல்லாருக்கும் ஏதாவது சொல்லித் தர்றீங்கம்மா. எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல," என்றாள் இளவேனில்.

தையல்நாயகி கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

கலிபோர்னியாவின் வடக்கே, ரெட்வுட் மரங்கள் ஓங்கி நிற்கும் பழங்காடு அது. காட்டை ஒட்டி தையல்நாயகியின் சிறிய தியான மடம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் குரு, மற்றவள் சிஷ்யை.

பாதையெங்கும் உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடந்தன. காலடி ஓசைகூட எழவில்லை. உச்சிக்கிளைகளில் தங்கிய பனிமூட்டம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"பரிமளாவுக்கு மந்திரம் கொடுத்தீங்க. மார்க்குக்கு மூச்சுப் பயிற்சி. நேத்து வந்தவர்கூட ஏதோ வாங்கிட்டுப் போறார். என்கிட்ட மட்டும் வா, நடக்கலாம்னு சொல்லிட்டு வாயே திறக்கறதில்ல."

"பாத்து!"

பாதை நடுவே ஓடில்லாத நத்தை ஒன்று. வாழைப்பழம் போல மஞ்சளாக இருந்தது. இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இதுதான் பாடமா?"

"இல்ல. அது நத்தை."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

என்றோ பற்றிய தீயில் அடிமரம் குடைபட்டும் பச்சையாக நின்றது ஒரு மரம். அதன் அருகே வந்ததும் சொன்னாள்.

"நாளைக்குக் கிளம்பறேன்மா. அக்கா வீட்டுக்கு. இனி வரமாட்டேன்."

தையல்நாயகி அந்த மரத்தின்மேல் கையை வைத்தார்.

"ஓடை வரைக்குமாவது வா."

ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த மரம்தான் பாலம். ஒரு பக்கம் மட்டும் கம்பி கட்டியிருந்தது. கீழே, பள்ளத்தில், தண்ணீர் பாறைகளில் மோதி ஓடியது.

தையல்நாயகி நின்றுவிட்டார்.

"என்னம்மா?"

"பயமா இருக்கு."

விளையாட்டு என்று நினைத்தாள் இளவேனில். ஆனால் தையல்நாயகி இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"பயத்தைப் பத்தி அவ்வளவு பேசுவீங்களே!"

"பேசுவேன்."

"எல்லாரையும் கூட்டிட்டு வரும்போதும் இங்கேயே திரும்பிடறோமே... முழங்கால் வலின்னு..."

"வலியெல்லாம் இல்ல."

"நான் தைலம் தேச்சு விட்டேனே!"

"நல்லாத் தேச்சே."

இந்த முறை இளவேனிலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல்நாயகியும் சிரித்தார். கம்பியை மட்டும் விடவில்லை.

"யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"யார்கிட்ட சொல்ல?" தையல்நாயகி ஒரு கையை எடுத்து அவளிடம் நீட்டினார். "அந்தக் கரைக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, வேனில்."

இளவேனில் மரத்தின்மேல் ஏறினாள். திரும்பி, அந்தக் கையை இறுகப் பிடித்தாள்.

"கீழே பாக்காதீங்கம்மா. என்னைப் பாத்தே வாங்க."