ரத்தம் கொடுக்கப் போனவளின் பட்டினி

அந்தச் சிறிய மடத்தில் ஒரு விதி உண்டு. அன்னதானம் நடக்கிற நாளில், கடைசிப் பந்தி எழும்வரை கொடுப்பவர்கள் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட பூவாத்தாள் பதினெட்டு வருசமாக அதில் பிசகியதில்லை.

மடத்தின் தலைவி அவளைவிடப் பத்து வயது இளையவர். பூவாத்தாள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

பால்காரர் மகளுக்கு மறுநாள் சாயங்காலம் ஆபரேஷன். அவளுக்குச் சேரும் ரத்தம் எங்கும் கிடைக்கவில்லை. பூவாத்தாளுக்கு அதே வகை.

"நான் குடுக்கறனுங்க சாமி" என்றாள். உடனே கவலையும் வந்துவிட்டது. "எத்தனை எடுப்பாங்க? அப்புறம் அண்டா தூக்க முடியுமுங்களா? மயக்கம் போட்டுட்டா?"

"போய்ப் பாக்கலாம் அக்கா."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க. குடுக்கற அன்னைக்கு எப்படிங்க சாப்பிடறது?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்மா. சாப்பிட்டு, நல்லாத் தண்ணி குடிச்சிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

வெளியே வந்ததும் பூவாத்தாள் புலம்பினாள். "பதினெட்டு வருசமுங்க சாமி. இன்னைக்குன்னு பாத்து நான் வாய நனைக்கறதா?"

சாமி கேன்டீனில் நாலு இட்லி வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார்.

"மனசு வரலீங்க."

"நர்ஸ் மனசைக் கேக்கலையே அக்கா. வயித்தைத்தான கேட்டாங்க."

பால்காரர் மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு, கல்லை விழுங்குவது போல நாலையும் விழுங்கினாள்.

பிறகு படுக்கையில் படுத்தாள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். ஊசி ஏறும்போது கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. பத்து நிமிசத்தில் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானுங்களா? அண்டா தூக்கலாமுங்களா?"

"இவ்வளவுதான். கொஞ்ச நேரம் படுத்திருங்க. இந்த ஜூஸைக் குடிங்க, பிஸ்கட்டைச் சாப்பிடுங்க. இன்னைக்கு அண்டா கிண்டா தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

பூவாத்தாள் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "ரத்தம் குடுத்துட்டனுங்க. ஆனா விதி கெட்டுப்போச்சுங்களே சாமி."

சாமி மாடி வார்டைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு விடிஞ்சதுலருந்து பட்டினி. ஆபரேஷன் முடியிற வரைக்கும் பச்சைத் தண்ணி ஆகாதாம். விதி கெடலை அக்கா. இன்னைக்குப் பந்தி வச்சது அவ, உக்காந்தது நீங்க. பிஸ்கட்டைச் சாப்பிடுங்க."