மேல் அறைக்கு ஏறிய முட்டைகள்

குளக்கரை மரத்தடியில் ஒரு கட்டெறும்புக் கூட்டம் குடியிருந்தது. அங்கே பிள்ளை வளர்ப்புக்கு ஒரு முறை உண்டு. கூடு கட்டித் தூங்கும் கூட்டுப்புழுக்களுக்கு வெதுவெதுப்பான மேல் அறை. ராணி புதிதாக இட்ட முட்டைகளுக்குக் குளுகுளுவென்ற அடி அறை.

இந்த முறையைத் திருத்தவே ராக்கு என்ற எறும்பு பிறந்திருந்தாள். பிள்ளை அறைகளுக்கு அவள்தான் தலைவி. ஒரு முட்டையைக்கூடத் தூக்கியதில்லை. அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும்!

சித்திரை வெயில் கொளுத்தியது. மேல் அறைக் கூட்டுப்புழுக்கள் இரண்டு நாள் முன்னதாகவே எறும்பாகி வெளியே வந்துவிட்டன.

"பார்த்தீர்களா! சூடு பட்டால் பிள்ளை சீக்கிரம் வருகிறது. முட்டைகளையும் மேலே ஏற்றுங்கடி!" என்றாள் ராக்கு.

"ஆகா!" என்றன எல்லா எறும்புகளும். யோசிப்பதைவிட அது சுலபம்.

முட்டைகளை நக்கித் துடைத்துக் காப்பாற்றும் சடச்சி மட்டும் குறுக்கே வந்து நின்றாள். மழைக்கு முன் ராணி இட்ட கடைசி முட்டைகள் அவை. அவை போனால், மழையில் இடியும் புற்றைத் திரும்பத் தோண்ட ஆளே இருக்காது.

"அக்கா, அதெல்லாம் வளர்ந்து முடிந்த பிள்ளை. இது இன்று காலையில் இட்ட முட்டை. உள்ளே தலை எது, வால் எது என்றே இன்னும் பிரியவில்லையே!"

"உனக்குப் பொறாமைடி!"

சடச்சி கோபத்தை விழுங்கிக்கொண்டாள். "சரிங்க அக்கா. ஆனால் இந்தப் பாதி முட்டைகள் மங்கலாக இருக்கின்றனவே! ராணி பார்வையிட வரும்போது உங்கள் பளபள முட்டைகளுக்கு நடுவே அசிங்கமாகத் தெரியாதா?"

"அட, ஆமாம்! அந்த அழுமூஞ்சிகளை நீயே கீழே வைத்துக்கொள்!"

நாட்கள் போயின. அடி அறையில் ஒன்று விடாமல் பொரிந்தன. புழுக்கள் வாயைப் பிளந்து சாப்பாடு கேட்டன. மேல் அறையில் முட்டைகள் வற்றல்போலச் சுருங்கிக் கிடந்தன. தப்பிப் பொரிந்த இரண்டொரு புழுக்களும் கோணல்மாணல்.

ராணி வந்தாள். "ராக்கு, மீதிப் பிள்ளைகள் எங்கே?"

"இந்த வருஷம் வெயிலே சரியில்லை, அம்மா! முட்டைகளும் ஒத்துழைக்கவில்லை. ஆனால் கீழே இருப்பவை என் உத்தரவுப்படி வைத்தவை!"

"அப்படியா? இனி நீ மேல் அறையிலேயே நில். வெயில் சரியானதும் வந்து சொல். பிள்ளைகளைச் சடச்சி பார்த்துக்கொள்வாள்."

சடச்சி வற்றிப்போன முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே சுமந்துகொண்டிருந்தாள்.

வளர்ந்ததற்கு நல்லது செய்கிற சூடே இப்போதுதான் உருவாகும் கருவைக் கருக்கிவிடும் என்பதால், எதிலும் அதன் பருவம் தெரிந்தவரைக் கேட்டே கை வைக்க வேண்டும்.