வரப்பு நண்டுக்குச் சொந்தமான கதை

அந்தக் காலத்தில், யவனர் கப்பல்கள் மிளகு தேடி நம் கரைக்கு வந்த நாளில், நண்டும் பேசும், நாரையும் பேசும். வாய் திறக்கக் கூடாது என்றிருந்தது உழுகிறவர்களுக்குத்தான்.

முதலில், மாடு மேய்ந்த காட்டை ஊர்த்தலைவன் மூவன் மிளகுக்கென்று வளைத்தான். அடுத்து, யவனச் சாடி மதுவுக்கு ஈடாக நெல் கொடுக்க மேல்வயல்களை எடுத்துக்கொண்டான். மூன்றாவதாக, கீழ்வயல் வரப்புகளை வெட்டி, அந்த மண்ணாலேயே கால்வாயை அடைத்தான். கார்காலம் முடிவதற்குள் நடாத வயல் தலைவனுக்குச் சேரும் என்பது அவன் சட்டம். தண்ணீரை நிறுத்திவிட்டு, ஏன் நடவில்லை என்று கேட்பதற்குப் பெயர் ஆட்சி!

கீழ்வயல்காரி கொற்றியின் நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மிஞ்சிய ஒரே வரப்பில் அவள் ஒரு நண்டைப் பிடித்தாள். நண்டு வளையைச் சாணி வைத்து அடைப்பதும், அகப்பட்டதைச் சாறு காய்ச்சுவதும் அவள் வழக்கம்.

"இன்றைக்கும் சாறுதானா, ஆத்தா?" என்றது நண்டு.

"பின்னே, உனக்கு விருந்தா வைப்பேன்? வரப்பை ஓட்டையாக்கித் தண்ணீரை ஒழுகவிட்ட திருட்டுப்பயல் நீ."

"ஒழுகுவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? உன் வரப்பை வெட்டினபோது என் வீடும் போயிற்று. என் சனமெல்லாம் வெட்டின மண்ணோடு போய், கால்வாயை அடைத்த அந்த அணைக்குள் உயிரோடு கிடக்கிறது. நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

"சொன்னால்?"

"இத்தனை நாள் எதற்காக எங்களைத் திட்டினாயோ, அதைச் செய்வார்கள்."

கொற்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு பசித்தது, ஆனாலும் கையைத் திறந்தாள். "போ. தண்ணீர் வந்தால் உன் வளையில் இனிச் சாணி வைக்கமாட்டேன்."

பொழுது சாய்வதற்குள் அணை கசிந்தது. கசிவு ஓடையானது. அணை சரிந்தது. கீழ்வயல்காரர்கள் எல்லோரும் சேற்றில் இறங்கி நட்டார்கள்.

மூவன் ஓடிவந்தான். "அணையை உடைத்தது எவன்?"

"நண்டுங்க, ஐயா," என்றாள் கொற்றி. "கட்டி இழுத்துப்போங்கள். கால் நிறைய இருக்கும், கயிறு கூடுதலாகக் கொண்டுவாருங்கள்."

அவன் மறுபடியும் அடைத்தான். கீழ்வயல் களிமண்தான் அணைக்கு நிற்கும். அந்த மண் போன இடமெல்லாம் நண்டும் போனது; அணை மறுபடியும் சரிந்தது. நட்ட வயலைத் தொட அவன் சட்டமே இடம் தரவில்லை.

அறுப்பு முடிந்தது. வயலுக்கு உரியவர் பெயர்களை ஊரார் சாட்சியாக உரக்க வாசித்தபோது கொற்றி எழுந்தாள். "ஒரு பெயர் விட்டுப்போயிற்று. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

அன்று முதல்தான் நண்டு வரப்பில் அஞ்சாமல் குடியிருக்கிறது. அறுப்பன்று அதன் வளை வாயில் ஒரு பிடி நெல் வைத்து, நாலு பேர் கேட்கக் கடைசியாக வாசிப்பார்கள்: "வரப்புக்கு உரியவர், நண்டார்!"